அவசரமில்லை

அந்தப் பகடைக்கு இருபது முகம். ஒரு மழைக்காலத்தில் கப்பலிலிருந்து இறங்கி வந்த அண்ணா, தோள்பையிலிருந்து அதை எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் உருட்டினான். எண்கள் வெறும் பள்ளமாக இருந்ததால் கண்ணுக்கே தெரியவில்லை. மன்னி உள்ளே போய்த் தன் கண்மையைக் கொண்டுவந்து, ஈர்க்குச்சி நுனியால் ஒவ்வொரு எண்ணிலும் அடைத்து, முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, தாயக்கட்டைக்கு நாலு பக்கம் போறாதா?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குத் திரும்பினாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் எங்கள் வீடு. துவைத்து உலர்த்திய துணியில்கூடச் சுக்கு வாசனை வரும். அண்ணாவுக்குச் சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசர் வேலை. வருஷத்தில் முக்கால்வாசி கடலில்தான் இருப்பான். மன்னி கும்பகோணத்துப் பெண். கல்யாணமாகி வந்து அதிக நாளாகவில்லை, மலையாளம் அரைகுறை. அண்ணா லீவில் வந்துவிட்டால் அவன் யாருக்கு என்பதில் வீட்டில் சத்தமில்லாமல் ஒரு சண்டை நடக்கும். மன்னி தோசைக்கல்லை எடுத்தால் அம்மா அதை வாங்கிக்கொள்வாள். அவனுக்குத் தலைவலி என்றால் தைலத்தோடு முதலில் போய் நிற்பதும் அம்மாதான். மன்னி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அம்மாவை எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனாலும் சொல்கிறேன், பிள்ளை விஷயத்தில் அவள் ஒரு அங்குலம் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

ஆட்டம் நடக்கும் மேசைக்கு மட்டும் அம்மா வரமாட்டாள். அங்கே மன்னி அண்ணாவின் பக்கத்து நாற்காலியில் உட்காரலாம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகித் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை தீர்மானிக்கும். அண்ணா கதை நடத்த, மன்னி, நான், மிளகுக் கம்பெனியில் கணக்குப் பார்த்த பக்கத்து வீட்டுச் சேட்டன் என்று மூன்று பேர் ஆடினோம். பகடையோடு ஒரே பெட்டியில் வந்த ஆங்கில விதிப்புத்தகத்தில் நெருப்புக் கக்கும் பறவைப்பாம்பும் தாடிக் குள்ளர்களும் பனிமலைக் கோட்டைகளுமாக இருந்தன. இரண்டாம் நாளே சேட்டன் கொட்டாவி விட்டார். "நம்மாளு ஒருத்தனும் இதில் இல்லியோ?" என்றார். அதன்பிறகுதான் அண்ணா அப்பாவின் அலமாரியில் அட்டை கிழிந்து கிடந்த பழைய மாயக்கதைத் தொகுதியை எடுத்தான். பாதாள நகரம், பேசும் கிளி, உடல் விட்டு உடல் பாயும் ராஜாக்கள் எல்லாம் அதில் உண்டு. அந்த உலகத்துக்கு ஏற்ப விதிகளைப் பிரித்துப் பூட்ட ஆரம்பித்தான்.

சும்மா பெயரை மாற்றி ஒப்பேற்றுகிற வேலையாக அது இல்லை. மூலவிதியில் தங்கம் சேர்த்தால் பலம் கூடும். எங்கள் கதைகளில் தங்கம் சேர்ப்பவன் அழிந்துதான் போவான். அதனால் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினால் பலம், மீறினால் பாதி போய்விடும் என்று மாற்றினான். எந்த வரம் வாங்கினாலும் கூடவே ஒரு சாபத்தையும் வாங்கியாக வேண்டும் என்பது மன்னி சேர்த்த விதி. சாகிறவன் தப்பிக்கக் கடைசியாக ஒரு தடவை பகடை உருட்டலாம் என்ற விதிக்குத்தான் பெயர் கிடைக்காமல் இழுத்தது. சேட்டன், "அவசரம் எந்நு மதி" என்றார், அவசரம் என்று வைத்தால் போதுமாம். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. மன்னிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சாகப்போறவனுக்கு என்ன அவசரம்? மெதுவாப் போகட்டுமே" என்றாள். அண்ணா அவளுக்குப் பொறுமையாகப் பொருள் சொன்னான். பெயர் ஒட்டிக்கொண்டது. ஒருநாள் மன்னி ஆடிய திருடி பாதாளக் கிணற்றில் விழுந்தாள். பகடை கைவிட்டது. "இனி அவசரமில்ல" என்று அண்ணா கையை விரித்தான். அன்று முழுக்க மன்னி அவனோடு பேசவில்லை.

அடுத்த லீவில் அவன் வயிற்று வலியோடு வந்து இறங்கினான். எறணாகுளத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குடலில் ஓட்டை விழுந்து சீழ் பரவிவிட்டது என்றார்கள். ஒரு ஆபரேஷன் ஆயிற்று, தேறவில்லை. இரண்டாவது செய்ய வேண்டும் என்று பேச்சு. மன்னி அங்கேயே கிடந்தாள். அம்மாவுக்கு முழங்கால் வீங்கி, அக்கரைக்குப் படகில் ஏறி இறங்குவதே பெரும்பாடு. டாக்டர் முடிவு சொல்வதாக இருந்த அன்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், "என்னை இப்பவே கூட்டிண்டு போ" என்று என்னைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். புறப்படும் நேரத்தில் மன்னி மாற்றுவேட்டி எடுக்க வந்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "ஆபரேஷனுக்கு இனி அவசரமில்லன்னு டாக்டர் சொல்லிட்டார்மா. நீங்க சாப்ட்டுப் படுங்கோ, நாளைக்கு வரலாம்" என்றாள். அம்மா அழுதுகொண்டே கும்பிட்டாள். தட்டில் போட்டதையெல்லாம் சாப்பிட்டாள். மன்னி வேட்டியோடு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள். சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் சேட்டன் செய்தியோடு வந்து, படியேறாமல் வாசலிலேயே நின்றார்.

டாக்டர் மலையாளி. இனி வாய்ப்பில்லை என்று அவர் மலையாளத்தில் சொன்னதை மன்னி தமிழாகக் கேட்டுக்கொண்டுவிட்டாள் என்று மறுநாளே எனக்குப் புரிந்தது. கும்பகோணத்துப் பெண், பாவம், தூக்கம் கெட்டுக் கிடந்தவள், அந்த நேரத்தில் விளையாட்டுச் சொல்லா நினைவுக்கு வரும்? நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவின் ஆத்திரமெல்லாம் அந்த டாக்டர்மேல் போயிற்று. "அவசரமில்லன்னானே, படுபாவி! என் பிள்ளை முகத்தைப் பார்க்க விடாம பண்ணிட்டானே" என்று சாகும்வரை சபித்தாள். மன்னி கும்பகோணத்துக்குத் திரும்பிப் போகவில்லை. அம்மாவுக்குக் காலைப் பிடித்துவிட்டபடி அத்தனை சாபத்தையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் காரியங்கள் முடிந்து, நானும் மன்னியும் மட்டும் வீட்டில் இருந்தோம். கிடங்குகள் இருந்த தெருவில் இப்போது வெளிநாட்டுக்காரர்களுக்குப் பழம்பொருள் விற்கிறார்கள். "அந்த டாக்டர் பாவம், மன்னி. அம்மா வாயில் அவர் பட்டது கொஞ்சமில்லை" என்று தற்செயலாகத்தான் சொன்னேன். மன்னி என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"அவர் சொன்னது எனக்கு அப்பவே புரிஞ்சுது. உங்கண்ணா சொல்லிக்கொடுத்த வார்த்தைதானே அது."

"பின்ன ஏன் அம்மாகிட்ட அப்படிச் சொன்னேள்?"

"அம்மா வந்தா தலைமாடு அம்மாவுக்கு. நான் காலடியில நிக்கணும். ஒரே ஒரு தடவை தலைமாட்டுல உட்காரணும்னு இருந்தது."

அம்மா கும்பிட்ட கைகள் என் கண்முன் வந்தன. எழுந்து மன்னியை அறைந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. இன்றும் அந்தக் கோபம் முழுதாக ஆறவில்லை. ஆனாலும் என் வாயிலிருந்து வந்தது வேறு கேள்வி.

"உட்கார்ந்தேளா?"

"உட்கார்ந்தேன். அவருக்கு நினைவு தப்பிடுத்து. என் கையைப் பிடிச்சுண்டு, அம்மா வந்துட்டியா, அம்மா வந்துட்டியான்னே கேட்டுண்டிருந்தார்."

"நீங்க என்ன சொன்னேள்?"

"வந்துட்டேண்டான்னேன்."