ஊர் வரி கட்டுகிறவரின் மகள்

என் மகள் எந்த நாட்டுப் பிள்ளை? திருவொற்றியூரில் பிறந்தவள், எண்ணூர்ப் புகையில் இருமி வளர்ந்தவள். ஆனாலும் இந்தக் கேள்வி என்னை விடுவதாயில்லை.

அவள் நான்காம் வகுப்பு. பள்ளியில் மாதிரி நாடாளுமன்றம் நடத்துகிறார்கள். எம்.பி. ஆக என்ன தகுதி வேண்டும் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இருபத்தைந்து வயது ஆகவேண்டும் என்றதும் வகுப்பே சிரித்ததாம். இந்தியக் குடியுரிமை வேண்டும் என்றபோது பக்கத்து பெஞ்சுப் பெண் எழுந்து, "மிஸ், இவங்கப்பா அகதி கேம்ப்காரரு. இவ நிக்க முடியாதுல்ல?" என்றிருக்கிறாள்.

"இது விளையாட்டுதானேம்மா, எல்லாரும் நிக்கலாம்" என்று டீச்சர் முடித்துவிட்டார்.

மகள் நின்றாள், ஜெயித்தாள். வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்காமல் கேட்டாள்: "நெஜத்துல நின்னா?"

"நிக்கலாம். அம்மா இந்தியாதானே?" என்றேன்.

என் கணவர் இலங்கையின் மன்னார்ப் பக்கமிருந்து கைக்குழந்தையாகப் படகில் வந்தவர். முகாமில் வளர்ந்தார். எங்கள் குப்பத்துப் படகுகளுக்கு பெயிண்ட் அடிக்க வந்தபோதுதான் பழக்கம். கல்யாணத்துக்குப் பிறகு அவரை ஊர் வரி கட்டச் சொன்னார்கள். எங்கள் குப்பத்தில் வரி கட்டும் ஆண்தான் ஊர்க்காரன்; கூட்டத்தில் கை தூக்கலாம். அவர் முதல் வரி கட்டிய அன்று, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். பி.காம். படித்தவள் நினைக்கிற நினைப்பா அது?

மீன் விற்கும் பக்கத்து வீட்டு அக்காவும் அதையேதான் சொன்னார். "இன்னாத்துக்கு மூஞ்ச இப்டி வெச்சிகினு கீறே? உன் வூட்டுக்காரரு வரி கட்டிகினுதான கீறாரு? அப்பால இன்னா பேஜாரு? உன் பொண்ணு டில்லிக்குப் போவட்டும், நான் வஞ்சிரம் வறுத்துக் குட்த்து அனுப்புறேன்."

சிரிப்பு வந்தது. ஆனால் எங்கள் ஊர் வரி டில்லியில் செல்லாதே. குப்பத்துக் கூட்டத்தில் அவருக்குக் குரல் உண்டு, எனக்கு இல்லை. நாட்டுத் தேர்தலில் எனக்கு ஓட்டு உண்டு, அவருக்கு இல்லை. மகள் எந்தப் பக்கம்?

வக்கீலாக இருக்கும் கல்லூரித் தோழிக்கு போன் செய்தேன். "இவ வயசுப் பிள்ளைங்களுக்கு அம்மா மட்டும் இந்தியரா இருந்தா பத்தாதுடி. அப்பா அனுமதியில்லாம உள்ள வந்தவரா இருக்கக்கூடாது. அகதிங்களை அதுல சேக்கறதா வேண்டாமாங்கறதுலதான் சிக்கல். அரசாங்கத்துக்கு எழுதிக் கேட்டாத்தான் தெரியும்."

பயந்தால் மட்டும் என் கணவர் வாயில் அவர் அம்மாவின் தமிழ் வரும். பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "கேக்காதை. கேக்காத மட்டும் அவள் இந்தியப் பிள்ளைதான். கேட்டா, ஆரோ ஒராள் இவள் இந்தியப் பிள்ளை இல்லையெண்டு எழுதிப்போடுவான்."

கேட்காமல் இருப்பது அவளைக் காப்பாற்றுவதா, ஏமாற்றுவதா? ஒரு நாள் இப்படி, மறுநாள் அப்படி நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் பதவியேற்பு. நேற்று கண்ணாடி முன் நின்று, "இந்தியக் குடிமகளாகிய நான்" என்று தொடங்கியவள், நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லலாமாம்மா?"

தலையாட்டினேன். சரியாகத்தான் ஆட்டினேனா?

இதைப் படிப்பவர்களில் என்னைப் போன்ற தாய்மார் இருக்கலாம். இப்போதே எழுதிக் கேட்டுவிடுவதா, அவள் ஓட்டுப் போடும் வயது வரை வாயை மூடிக்கொண்டிருப்பதா? நீங்கள் கேட்டிருந்தால், உங்கள் பிள்ளைக்கு என்ன பதில் வந்தது? தயவுசெய்து சொல்லுங்கள்.