லேபின் பின்கதவு

சிவகாசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். டீச்சர்கள் எதிரே வரவே கூச்சம்.

அன்று சயின்ஸ் லேபில், கடைசி மேஜைக்கு அடியில் துடைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் டீச்சரும் உள்ளே வந்துவிட்டார்கள். பின்கதவை மறித்து உடைந்த பெஞ்சுகளை நானே அடுக்கியிருந்தேன். முன்வாசல் வழியாகப் போக வெட்கப்பட்டு அங்கேயே ஒடுங்கிக்கொண்டேன்.

டீச்சர் பரீட்சைத் தாளை வாசித்தார்.

"ஏலே காளிராஜ், தீப்பிடிக்கத் தேவையான மூணு என்னன்னு கேட்டா, 'சீசன், அவசர ஆர்டர், போர்மேன் இல்லாத நேரம்'னு எழுதியிருக்கியே!"

வகுப்பே சிரித்தது. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

"தீப்பிடிச்சா என்ன செய்யணும்னு கேட்டா, 'ஓடணும்'னு ஒத்தை வார்த்தை!"

"எங்கம்மா வேலை பாக்குற பட்டாசுக் கம்பெனியில அப்படித்தான் டீச்சர் சொல்லியிருக்காக."

"எங்கன ஓடுவ? ஓடிக் காட்டு பாப்போம்."

அவன் நேராகப் பின்கதவுக்கு ஓடிவந்து நின்றுவிட்டான்.

"வழியில்ல டீச்சர். ஆயாவும் இங்கன மாட்டிக்கிட்டு இருக்காக!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன்வாசலை ஒட்டிய மேஜைமேல் ஸ்பிரிட் விளக்குகள் வரிசையாக இருந்தன. நிஜமாகவே தீப்பிடித்திருந்தால் என்னால் அத்தனை பிள்ளைகளும் மாட்டியிருப்பார்கள்.

அன்றே பெஞ்சுகளை வெளியே இழுத்துப் போட்டேன். இப்போதெல்லாம் முதலில் பின்கதவைத் திறந்துவைத்துவிட்டுத்தான் துடைப்பத்தை எடுக்கிறேன்.

"ஆயா, ஓடலாமா?" என்று காளிராஜ் தினமும் கேட்கிறான்.

"ஓடுலே" என்கிறேன், டீச்சர் எதிரிலேயே.