சோகப் பாட்டுக்குத் தடை போட்ட வீடு

குறை கண்டுபிடிப்பதற்காகவே எனக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. ஒரு நட்டைக் கையில் எடுத்தால் மரை சரியில்லை என்று அங்கேயே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட எனக்கு, வீட்டுக்குள் என் கணவர் சரியில்லை என்பது தெரிந்தும் என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை.

அவருக்கு வேலை போயிருந்தது. சாஃப்ட்வேர் கம்பெனி. ஒரே நாளில் நிறையப் பேரை அனுப்பினார்கள், இவரும் அதில் ஒருவர். வீட்டுக்கு வந்து ஒரு வரியில் சொன்னார். அதோடு சரி. அதன் பிறகு அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. காலையில் எழுந்து பால்கனியில் உட்கார்ந்தால் அயனம்பாக்கம் ஏரியைப் பார்த்தபடியே இருப்பார். எது கேட்டாலும் 'ம்'. சாம்பாரில் உப்பு போட மறந்த அன்றைக்கும் 'ம்'. கல்யாணமான நாளிலிருந்து என் சமையலைக் கிண்டல் செய்தே வயிறு நிறைத்தவர் அவர். அந்த மனிதர் எனக்குத் திரும்பக் கிடைப்பாரா என்பதுதான் அப்போது என் ஒரே கவலை. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் அவராகவே வாயைத் திறந்தார்.

"ரெக்கார்டு பிளேயர் ஒண்ணு வாங்கலாமான்னு பாக்கேன்."

உலகத்தில் உள்ள பாட்டெல்லாம் கையில் இருக்கிற போனில் சும்மா கிடைக்கும்போது, இசைத்தட்டை வாங்கி, துடைத்து, முள்ளை வைத்துக் கேட்பானேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். இரண்டு மாதத்தில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது. அதற்காக அவர் யானை கேட்டிருந்தாலும் எந்தத் தீவனம் போடுவது என்றுதான் யோசித்திருப்பேன்.

"புதுசு கிடையாது. பழசுதான். வெளியே சாப்பிடுறத நிறுத்தி மிச்சம் பிடிக்கிற காசுக்குள்ள முடிக்கணும்" என்றேன்.

அந்தக் காசுக்கு என்ன கிடைக்கும் என்று தேடி அவர் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் வெளியே போனதே எனக்குப் பெரிய விஷயம். நாலாவது நாள், சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலைக்கு உள்பக்கம் ஒரு சவுண்ட் சர்வீஸ்காரரைப் பிடித்துவிட்டார். கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றுவது எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கரும் சீரியல் விளக்கும் வாடகைக்குக் கொடுக்கிறவர். இப்போது பென்டிரைவில் பாட்டு போடுகிறார். பழைய இசைத்தட்டெல்லாம் குடோன் மூலையில் அட்டைப்பெட்டிகளில் கிடந்தன. பக்கத்திலேயே ஒரு பிளேயரும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். குறை கண்டுபிடிக்க ஆள் வேண்டுமே. மொத்தப் பெட்டியையும் பிளேயரையும் சேர்த்து சவுண்ட் சர்வீஸ்காரர் சொன்ன விலை எங்கள் காசுக்குள் வந்தது. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஒரு தட்டை உறையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். முதல் பாட்டு இருக்கிற வளையம் சாம்பல் பூத்துக் கிடந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது பாட்டின் வளையம் மட்டும் கறுகறுவென்று மின்னியது. அடுத்த தட்டை எடுத்தால் அதிலும் இதே கதை. ஒன்றிரண்டு வளையம் புதுசு, மற்றதெல்லாம் தேய்ந்து போனவை.

"இது ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"இன்னாமா இப்டி கேட்டுட்ட?" என்றார் சவுண்ட் சர்வீஸ்காரர். "எந்த பங்சன்னாலும் மொதல்ல சாமி பாட்டு. அப்பால பொண்ணு ஊட்டாருங்க வரசொல்ல டூயட்டு. அதையே போட்டுகினு இருந்தா தேயாதா? இந்த மின்னுறது எல்லாம் சோகப்பாட்டு. கல்யாண ஊட்ல அத போட்டா நம்மள தூக்கிப் போட்டு மெரிப்பாங்க."

"சாவு வீட்ல போட்டிருப்பீங்கல்ல?"

"சாவு ஊட்டுக்கு நம்ம செட்டு போவாதுமா. மறுநாளு அதே குழாய எவன் கல்யாணத்துக்குக் கூப்டுவான்?"

ஆக, பல வருடமாக ஊர் ஊராகப் போய் வந்த அந்தத் தட்டுகளில் சோகத்தை மட்டும் யாரும் தொடவே இல்லை. இன்னொன்றும் சொன்னார். முள் தாவினால் அதன் தலைமேல் ஒரு ரூபாய்க் காசை வைத்துவிடுவார்களாம், தாவாதாம். என் கணவர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். பிள்ளையார் பாட்டெல்லாம் உழுத நிலமாக இருந்ததற்குக் காரணம் அந்தக் காசுதான் என்று திரும்பி வரும் வழியெல்லாம் புலம்பினார். அவர் புலம்பியது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அன்று இரவே நான் ஒரு சட்டம் போட்டேன். இந்த வீட்டில் சோகப்பாட்டு ஓடக்கூடாது. கம்பெனியில் மைக்ரோமீட்டர் சொல்வதைத் தவிர எதையும் நம்பாதவள், வீட்டுக்கு வந்தால் வாயிலிருந்து வரும் சொல் பலிக்கும் என்று நம்புகிறவள். வேலை இல்லாமல் ஒருவர் உட்கார்ந்திருக்கும் வீட்டில் 'என் வாழ்க்கை முடிந்தது' என்று இன்னொருவர் வேறு பாட வேண்டுமா? மின்னுகிற வளையம் எத்தனையாவது என்று பார்த்து ஒவ்வொரு உறையிலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி எண் எழுதினேன். கம்பெனியில் கழித்துவிட்ட சரக்குக்கு ஒட்டுவதும் அதே ஸ்டிக்கர்தான். மறுப்பே சொல்லாமல் தலையாட்டினார். அவ்வளவு சுலபமாக அவர் ஒத்துக்கொண்டதில் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பிறகு ஆரம்பித்தது வைத்தியம். பிளேயரின் பெல்ட் அறுந்திருந்தது. புது பெல்ட் தபாலில் வரும்வரை பொறுக்காமல், வெண்டைக்காய்க் கட்டில் வந்த ரப்பர் வளையத்தை மாட்டினார். பாடகி பாதிப் பாட்டில் மயங்கி, பிறகு திடுக்கிட்டு எழுந்து ஓடினாள். புது பெல்ட் வந்ததும் அவள் தெளிந்தாள், ஆனால் குரல் கொசு அளவுக்குத்தான் கேட்டது. பிளேயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில், சத்தத்தைக் கூட்ட ஒரு சின்னப் பெட்டி வேண்டுமாம். அதையும் வாங்கினால் பாட்டுக்குப் பின்னால் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். பிளேயரின் ஓரத்தில் விரல் வைத்தால் இரைச்சல் நிற்கிறது என்று கண்டுபிடித்துவிட்டு, இரண்டு நாள் ஒரு விரலை அதன்மேல் வைத்தபடியே பாட்டுக் கேட்டார். அந்த விரலை எடுக்கக்கூடாது என்பதால் இன்னொரு கையால் சாப்பாடு. மூன்றாம் நாள் நான் சவுண்ட் சர்வீஸ்காரருக்குப் போன் போட்டேன்.

"பின்னால ஒரு பச்ச ஒயர் தொங்கிகினு கீதா? அத எர்த்துல முடுக்கிவுட சொல்லுமா. சார் எத்தினி நாளு எர்த்தா இருப்பாரு" என்றார்.

பக்கத்து மனையில் வீடு கட்டும் கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கி வந்து பிளேயர் மட்டமாக இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. எங்கள் ஃபிளாட்டின் தரையே மட்டமாக இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கல்யாணப் பத்திரிகைகளை மடித்து மடித்துக் கால்களுக்கு அடியில் சொருகினார். இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிற பேட்டரித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழுவி, சமையலறைத் தட்டு ஸ்டாண்டில் நிற்கவைத்துக் காயவைத்தார். என் சாப்பாட்டுத் தட்டெல்லாம் அடுப்பு மேடையில் அநாதையாகக் கிடந்தது. பாட்டு ஓடும்போது யாரும் நடக்கக்கூடாது, முள் அதிரும் என்று ஓர் உத்தரவு வேறு. என் வீட்டுக்குள் நானே திருடி மாதிரி நடந்தேன்.

என் பங்குக்கு நானும் ஒரு வேலை செய்தேன். புதுப் பொருள் வந்தால் பொட்டு வைக்காமல் இருக்க முடியுமா? வெள்ளிக்கிழமை காலையில் முள்ளைத் தாங்குகிற கையின் தலையில் அழகாகச் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். பொழுதெல்லாம் முயன்றும் கை ஏன் கனக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. பின்பக்கத்து எடைக்கல்லைத் திருகுகிறார், பத்திரிகையை உருவுகிறார், திரும்பச் சொருகுகிறார். சாயங்காலம் நான் வந்து நின்றதும் என் நெற்றியைப் பார்த்தார், முள்ளின் நெற்றியைப் பார்த்தார்.

"அது மொத்தமே ரெண்டு கிராம் கனந்தான் தாங்கணும். நீ கால் கிலோ சந்தனத்த அப்பி வச்சிருக்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பல மாதம் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்டதும், அடுப்படிக்குப் போய் சாமி படத்தின் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அதிலிருந்து அவர் தேறிவந்தார். வேலைக்கு விண்ணப்பம் போட்டார். இரண்டு மூன்று நேர்காணலுக்குப் போனார். கிடைக்கவில்லை, ஆனாலும் சாப்பாட்டில் குறை சொன்னார். சாயங்காலம் நான் படியேறும்போது டீ தயாராக இருக்கும், பிளேயரில் டூயட் ஓடிக்கொண்டிருக்கும். தேய்ந்த தட்டு, வாணலியில் கடுகு வெடிப்பதுபோல நடுநடுவே படபடக்கும். அதனால் என்ன? எல்லாம் என் சட்டத்தின் மகிமை என்று நினைத்தேன். கம்பெனியில் கூட வேலை செய்கிறவளிடம், வீட்டுக்காரருக்கு மனசு சரியில்லை என்றால் மங்களகரமான பாட்டாகப் போட்டுவிடு, தன்னால் சரியாகிவிடும் என்று புத்திமதியும் சொன்னேன்.

ஒரு நாள் எஸ்டேட்டில் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். மதியமே வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று மணிக்குப் படியேறினால், இரண்டாவது மாடித் திருப்பத்தில் கீழ்வீட்டுப் பெண் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆட்டோக்காரரின் மனைவி. எங்கள் கதவு மூடியிருந்தது. உள்ளே ஓர் ஆண் குரல், யாருமில்லாத ஊரில் நிற்பவனைப் போலப் பாடிக்கொண்டிருந்தது. துளி இரைச்சல் இல்லை. கடுகு இல்லை. பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

"இன்னாக்கா, இன்னிக்கு சீக்கிரமே வந்துட்ட?" என்றாள் அவள். "சார் பாட்டு போட்டுகினு கீறாரு. தெனம் இந்நேரத்துக்குத்தான். நானும் வேலைய முடிச்சிட்டு இங்க வந்து குந்திக்குவேன்."

"தினமுமா?"

"மூணு மாசமா கேட்டுகினு கீறேன். நீ வர்ற டயத்துக்கு வேற தட்டு மாத்திடுவாரு."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அத்தனை சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். இப்போது யோசித்தால், எந்தத் தட்டில் எத்தனையாவது பாட்டு என்று அவர் தேடவே வேண்டாதபடி நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். கதவைத் தட்டப் போனவள், உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டு நின்றுவிட்டேன்.

கீழ்வீட்டுப் பெண் கீரையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "கொஞ்ச நேரம் அயுவாருக்கா. அப்பால மூஞ்சி கயுவிகினு உனக்கு டீ போடுவாரு. நீ பயப்படாத."

எனக்குத் தெரியாமல் போனது எங்கள் மாடிப்படிக்கே தெரிந்திருந்தது. அவளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது. அவரைத் தேற்றியது என் டூயட் இல்லை. நான் வீட்டில் இல்லாத ஒரு மணி நேரம்தான் அவரைத் தேற்றியிருக்கிறது. அது என் நெஞ்சில் போய்த் தைத்தது.

பாட்டு முடிவதற்குள் சாவி போட்டுத் திறந்தேன். அவர் பதறி எழுந்து முள்ளைத் தூக்கப் போனார்.

"சும்மா, தட்டு நல்லா இருக்கான்னு பாத்தேன்" என்றார். கண் சிவந்திருந்தது.

"எடுக்காதீங்க. ஓடட்டும்" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவரும் உட்கார்ந்தார். பாட்டு முடிந்ததும் முள்ளைத் தூக்கி ஓரத்தில் வைத்தார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"சொல்லத்தான் வந்தேன். வேலை போன அன்னைக்கு" என்றார். குரலில் கோபமே இல்லை. "நான் ஒரு வரி சொன்னேன். நீ உடனே, 'விடுங்க, வேற கிடைக்கும்'னு சொல்லிட்டு தோசை ஊத்தப் போயிட்ட. அதுக்கு மேல என்ன பேச? நாலு தோசை தின்னேன்."

நல்லதுக்குத்தான் சொன்னேன் என்று வாதாட வாயெடுத்தேன். ஆனால் அது பொய். அவர் சொல்ல ஆரம்பித்தால் நானும் உடைந்துவிடுவேன் என்று தெரிந்துதான் அன்றைக்குக் கல்லைக் காயவைக்க ஓடினேன்.

"எனக்குப் பயமா இருந்துச்சு. இப்பவும் பயமாத்தான் இருக்கு" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. இத்தனை மாதம் கழித்து, அந்த மத்தியான நேரத்தில், செருப்பைக்கூடக் கழற்றாமல் அழுதேன்.

"எனக்கும்தான்" என்றார்.

பிறகு அவராகவே ஆரம்பித்தார். காலையில் எல்லோரையும் போல டீ குடித்துக்கொண்டு நின்றபோது போன் வந்தது, உள்ளே போனால் பேசியவர்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை, கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றி மேசைமேல் வைக்கச் சொன்னார்கள், வெளியே வந்தால் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் பஸ் ஸ்டாப்பில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாராம். நடுவில் நிறுத்தினால், அவராகத் தொடரும்வரை காத்திருந்தேன். பொழுது சாய்ந்து இருட்டிவிட்டது. எழுந்துபோய் விளக்கேற்றிவிட்டுத் திரும்பி வந்து அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"அப்புறம்?" என்று கேட்டேன்.