கமக்காரர் சொன்னதும் நான் சொன்னதும்

போஞ்சிக்காயை இரண்டாக முறிக்கும்போது வருமே ஒரு பச்சை வாசனை, நசுங்கிய சோயா இலைக்கும் ஏறக்குறைய அதே வாசனைதான். இன்றைக்கும் சமையலறையில் அது மூக்கில் பட்டால் கத்தியை வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்துவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, அம்மாவின் தம்பியான சின்ன மாமா, நாங்கள் குடியேறிய பிரெஞ்சு பேசும் நகரத்தின் வில்லரேப் பகுதியில், எங்கள் வீட்டில்தான் இருந்தார். வார நாட்களில் சென்ட் லோரன்டில் ஒரு தொழிற்சாலையில் விமான எஞ்சினுக்குப் பாகங்கள் கடையும் வேலை. சனிக்கிழமைகளில் நகரத்துக்கு வெளியே ஒரு கிளப்பில் எஞ்சினே இல்லாத கிளைடரில் பறப்பது. "எஞ்சின் செய்யிற மனிசனுக்கு எஞ்சின் இல்லாத பிளேனாம்" என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். கிளைடர் காற்றை நம்பியே பறப்பது. காற்று கைவிட்டால் கண்ணில் படுகிற வயலில் இறங்கி, பக்கத்து வீட்டிலிருந்து கிளப்புக்குப் போன் பண்ண வேண்டும். அப்பா காருக்குப் பின்னால் நீளமான ட்ரெய்லரைக் கொளுவிக்கொண்டு போய், இறக்கைகளைக் கழற்றி ஏற்றிவருவார். எங்கள் வீட்டில் இதற்கு "அள்ளப் போறது" என்று பெயர். கிளப்பில் இங்கிலீஷில் சமாளித்தாலும், அப்பாவுக்கும் மாமாவுக்கும் பிரெஞ்சு "பொன்ஜூர், மெர்சி"யோடு முடிந்துவிடும் என்பதால், வயல்காரரோடு பேசுவதற்கு நான். என் சனிக்கிழமைகள் அப்படித்தான் கிளப் வாசலில் காத்திருந்தே கழிந்தன.

அந்த ஜூன் சனிக்கிழமை என் வகுப்புத் தோழியின் பிறந்தநாள். மூன்று மணிக்குள் கொண்டுபோய் விடுவதாக மாமா சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தார். மூன்று மணிக்கு அவர் யாரோ ஒருவரின் சோயா வயல் நடுவில் நின்றார். நாங்கள் போனபோது கணுக்கால் உயரப் பயிர் ஒரு நீளப் பட்டையாக நசுங்கிக் கிடந்தது. வயலுக்குச் சொந்தக்காரரான வயதான கமக்காரர் ஒருவர் இடுப்பில் கைவைத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாதாரணமாகப் பேசினாலே சண்டைக்கு வருவதுபோல் தோன்றும் குரல் அவருக்கு. ஆனால் அவர் பிரெஞ்சில் சொன்னது இவ்வளவுதான்: இது பெரிய விஷயமில்லை, பயிர் எழும்பிவிடும், மனிதன் உயிரோடு இறங்கினானே, இன்னொரு தடவை அவசரமென்றாலும் தாராளமாக இறங்கட்டும்.

எனக்கிருந்த கோபத்தில் மாமாவின் பக்கம் திரும்பி வேறொன்றைச் சொன்னேன். "பாடுபட்டு வளத்த பயிராம். உங்கட தோட்டத்துக்கை ஒருத்தன் இப்பிடி இறங்கினா விடுவியளோ எண்டு கேக்கிறார்."

மாமா வெங்காயத் தோட்டத்தில் வளர்ந்தவர். ஊரில் வரம்பை விட்டு ஓரடி உள்ளே வைத்தாலே அவருடைய அப்பாவிடம் "ஏச்சு" விழுமாம். அவர் முகம் கறுத்துப்போனது. தொப்பியைக் கழற்றி, அந்த மனிதரைக் கைகூப்பிக் கும்பிட்டார். கமக்காரர் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். நன்றி சொல்கிறார் என்றேன். மாமா இனிப் பறக்க மாட்டார் என்று திரும்பி வரும்போது காரில் சந்தோஷப்பட்டேன், வெட்கமில்லாமல்.

மாமா பறப்பதை விடவில்லை. மூன்று வாரம் கழித்து, வேறொரு ஊரில், காற்று மறுபடியும் காலை வாரிவிட்டது. கீழே அகலமான சோயா வயல். அதன் ஓரத்தில் புல் அறுத்துவிட்ட சிறிய நிலம். மாமா புல் நிலத்தில் இறக்கினார். இடம் போதவில்லை, கிளைடர் ஓடிப்போய், நிலத்தின் முடிவில் இருந்த வடிகாலுக்குள் மூக்கைக் குத்தியது. நாங்கள் போய்ச் சேரும்போது ஆம்புலன்ஸ்காரர்கள் அவரைப் பலகையில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அந்த வலியிலும், "பயிரிலை முட்டேல்லை, பிள்ளை" என்றார்.

முதுகெலும்பில் முறிவு, இடது காலில் இரண்டு இடத்தில் முறிவு. சோயாவில் இறக்கியிருந்தால் நாலு இலை நசுங்கியதோடு போயிருக்கும், இவ்வளவு தெரிந்தவர் ஏன் இப்படிச் செய்தார் என்று கிளப்பில் பறக்கக் கற்றுக்கொடுப்பவர் அப்பாவிடம் கேட்டார். ஏனென்று எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்றுகொண்டே வாயைத் திறக்கவில்லை. பள்ளி விடுமுறை முழுவதும் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தோடம்பழம் உரித்துக் கொடுத்தேன். மாமாமேல் என்ன பாசம் என்று சொந்தக்காரர்கள் மெச்சும்போது நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போலிருக்கும்.

கிளப் இருந்த இடத்தில் இப்போது வரிசையாக வீடுகள். அந்த வயதான கமக்காரர் உயிரோடு இருக்க வழியில்லை. அவர் உண்மையில் சொன்னது என் ஒருத்தியின் தலைக்குள் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. மாமா லொங்குய்யில் இருக்கிறார், பிறகு ஒரு நாளும் பறக்கவில்லை. சொல்லிவிடுவதென்று எத்தனையோ தடவை அங்கே போய், சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

போன மாதம் போனபோதும் அந்த எண்ணத்தோடுதான் போனேன். நான் தொடங்குவதற்குள் என் மகன் முந்திக்கொண்டு, ஏன் நொண்டி நடக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டுவிட்டான். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அண்டைக்கு நான் பயிருக்கை இறங்கியிருக்கலாம், அப்பன். இறங்கேல்லை. மற்றவன் பாடுபட்டதை மிதிக்கக்கூடாது எண்டு உன்ர அம்மாதான் எனக்கு ஞாபகப்படுத்தினவ. கால் போனாலும், எனக்கு அதிலை பெருமைதான்."

பறந்த காலத்திலிருந்து அவரிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பெருமை ஒன்றுதான். மகன் திரும்பி என்னைப் பார்த்தான், அவன் முகத்திலும் பெருமை. நான் தேத்தண்ணி போடுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.