பதினேழாம் நம்பர் மனையில் என் கால்

இந்த ஊரில் என் முகத்தைவிட என் காலைத்தான் அதிகம் பேருக்குத் தெரியும். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது அப்படிச் சொல்வதில்லை.

திருவண்ணாமலையில் மனை விற்பது என் தொழில். விற்பது என்பது பெரிய வார்த்தை. நிலத்தை வாங்கி, ரோடு போட்டு, கல் நட்டு, மனைகளாகப் பிரிப்பவர் ஒரு புரமோட்டர். நான் ஆட்களை அழைத்துவந்து காட்டுகிறவள். அதற்கு முன்னால் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். மூன்று வருடத்துக்கு முன்பு, அடி அண்ணாமலைப் பக்கம் இருந்த ஒரு லேஅவுட்டைப் பற்றி வீடியோவில் நாலு வார்த்தை பேசச் சொன்னார் புரமோட்டர். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே இடதுகால் செருப்பின் வார் அறுந்துபோனது. ஒற்றைச் செருப்போடு நின்றால் அசிங்கமாக இருக்குமே என்று இரண்டையும் ஆட்டோவுக்குள் வீசிவிட்டு, வெறுங்காலோடு போய் நின்றேன். பின்னால் மலை. நாற்பது விநாடி பேசினேன். வீட்டுக்காரர்தான் போனில் எடுத்தார்.

மறுநாள் காலையில் பார்த்தால் கமெண்டுகள் கொட்டிக் கிடந்தன. 'மலையைப் பார்த்ததும் செருப்பைக் கழட்டிட்டாங்க பாருங்க, இதுதான் பக்தி' என்று யாரோ ஒருவர் ஆரம்பித்துவைக்க, அதன் கீழே நூறு பேர் கும்பிட்டிருந்தார்கள். மலையை வெறுங்காலோடு சுற்றுகிற ஊர் இது. வேறு எப்படித்தான் தோன்றும்? நான் பொய் எதுவும் சொல்லவில்லை. அந்தக் கமெண்டுக்குப் பதிலாக ஒரு கும்பிடும் கையைப் போட்டேன், அவ்வளவுதான்.

புரமோட்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மேடம், இனிமே எல்லா வீடியோவுலயும் கழட்டுங்க. நம்ம ஊர்ல ஆயிரம் பேரு மனை விக்கறான். செருப்பக் கழட்டறது நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

கழற்றினேன். கழற்றுவதற்கென்றே சுலபமாக நழுவுகிற ஒரு பழுப்பு நிறச் செருப்பு வாங்கினேன். கேமரா முதலில் தரையோடு தரையாக என் காலைக் காட்டும். செருப்பு நழுவும். பாதம் மண்ணில் படும். அப்புறம் மெல்ல மேலே ஏறி மலை, அதற்கும் அப்புறம்தான் முகம். "நான் வெறுங்காலோட நின்னு பார்த்துட்டுத்தான் சொல்றேன்" என்பேன். சேனலுக்கு ஆள் சேர்ந்தது. பூக்கடையில் கூப்பிட்டுப் பேசினார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒரு குடும்பம் என் காலோடு சேர்த்து செல்ஃபி எடுத்துக்கொண்டது. நல்லவேளை, அன்று நகத்தில் அழுக்கில்லை. புரமோட்டரின் பெயர் யாருக்கும் தெரியாது. 'செருப்பு கழட்டற அக்கா காட்டின பிளாட்டு' என்றுதான் விசாரித்துக்கொண்டு வருவார்கள்.

போன சித்திரையில் கீழ்பென்னாத்தூர் போகிற ரோட்டில், கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு புது லேஅவுட்டுக்குப் போனோம். கத்திரி வெயில். காகிதத்தில் ஒரு குறையும் இல்லாத இடம்தான், பத்திரத்தை நானே வாங்கிப் பார்த்தேன். வெள்ளை அடித்த கல், கலர் கொடி, புதுத் தார் ரோடு. முதல் வரிசையில் நின்று எடுக்கும்போதே உள்ளங்கால் பொரிந்தது. ஒரு வாக்கியம் பேசுவதற்குள் இந்தக் காலை மாற்றி அந்தக் காலில் நின்றேன். "டான்ஸ் வீடியோவா மேடம் இது?" என்று ஆட்டோ நிழலிலிருந்து வீட்டுக்காரர் சிரித்தார். மலை நன்றாகத் தெரிகிற இடம் தேடி, ஒயர் குறுக்கே வராத இடம் தேடி, கடைசி வரிசைக்கு வந்தோம். பதினேழாம் நம்பர் கல்லுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் மலை முழுசாக உட்கார்ந்திருந்தது.

கேமரா ஓடியது. செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தை வைத்தேன். ஜில்லென்று இருந்தது.

எங்கள் வீட்டில் வேர்க்கடலை போடுவார்கள். நிலத்தின் ஒரு மூலையை மட்டும் அப்பா எப்போதும் விட்டுவிடுவார். அடியில் ஊற்று ஓடுகிற மண் அது, கடலை போட்டால் காய் அழுகிப்போகும். கோடையில் நாங்கள் கால் சுட்டால் அங்கே ஓடிப்போய் நிற்போம். அதே ஜில்லிப்பு. மேலே கொட்டியிருந்த கிராவலுக்குக் கீழே ஈரம் இருந்தது. மதில் ஓரமாகப் பார்த்தேன், கோரை முளைத்திருந்தது. சித்திரை வெயிலில் பச்சைக் கோரை. என் காலுக்குப் புரிந்துவிட்டது, எனக்கும் புரிந்துவிட்டது. இந்த இடத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் கீழேயிருந்து வரும்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. என் வாய் அது பாட்டுக்குப் பேசியது. "இந்தக் கத்திரி வெயில்லயும் எப்படி ஜில்லுனு இருக்கு பாருங்க! இது மலையோட குளிர்ச்சிங்க. நான் வெறுங்காலோட நின்னு பார்த்துட்டுத்தான் சொல்றேன்."

திரும்பி வரும்போது வீட்டுக்காரர் கேட்டார். "இன்னாத்துக்கு அப்படிச் சொன்ன?"

"வாயில வந்துச்சுங்க" என்றேன். அவரும் விவசாயக் குடும்பம்தான். அதற்குமேல் கேட்கவில்லை.

என் வீடியோக்களிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். கடைசி வரிசை முழுக்க ஒரு மாதத்தில் விற்றுப்போனது. யாராவது தண்ணீர் தெளித்திருப்பார்கள், கிராவல் லாரியில் ஈரம் இருந்திருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு, அடுத்தடுத்த மனைகளில் போய்ச் செருப்பைக் கழற்றினேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த ஒரு காலையில், தோசைக்கல் அடுப்பில் இருக்கும்போது ஒரு மெசேஜ் வந்தது. அறிமுகம் இல்லாத பெண். 'அக்கா, வணக்கம். நீங்க நின்ன அதே பதினேழாம் நம்பர் மனையை வாங்கிட்டோம். நான் ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனில தைக்கறேன். வர்ற வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அஸ்திவாரம் போடறோம், கடக்கால் பூஜை. நீங்க வந்து மொதல்ல உங்க கால வெச்சு நிக்கணும். செருப்பக் கழட்டிட்டுப் பேசறவங்க பொய் சொல்ல மாட்டாங்கன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லித்தான் வாங்கினோம்.'

கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தோசை கருகிப் புகைந்தது. அடுப்பை அணைக்கக்கூட கை வரவில்லை.

அன்றிலிருந்து போன் அடித்தாலே பயம். தெரியாத நம்பர் என்றால் எடுக்க மாட்டேன். தெரிந்த நம்பர் என்றால் விஷயம் தெரிந்துதான் கூப்பிடுகிறார்களோ என்று அதற்கும் பயம். காய்கறி வாங்கப் போகும்போது முகத்தில் மாஸ்க் போட்டேன். கடைக்காரம்மா என் காலைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். அந்த வீடியோவை அழித்துவிடலாம் என்று நூறு தடவை விரலைக் கொண்டுபோனேன். அழித்தால் ஏன் அழித்தாய் என்று கேட்பார்களே. கடக்கால் போட்டுச் சுவர் எழும்பி, அந்தக் குடும்பம் குடிவந்து, ஏதோ ஒரு மழையில் தரை விரிசல் வழியாகத் தண்ணீர் கசிவதை என் கண் பார்த்துக்கொண்டே இருந்தது. அப்புறம் அவர்கள் யாரைத் தேடுவார்கள்?

தாங்க முடியாமல் புரமோட்டருக்குப் போன் செய்தேன். மண் சரியில்லை, அந்த வரிசையை மாற்றிக் கொடுங்கள் என்றேன்.

"மழைக்காலத்துல எங்க மேடம் தண்ணி நிக்கல? நாலு லோடு மண்ணு அடிச்சா மேடாயிடும்" என்றார். நான் விடாமல் பேசவும் அவர் குரல் தணிந்தது. கோபப்பட்டிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். "ஜில்லுனு இருக்குன்னு நானா சொன்னேன்? வீடியோவுல எங்க மூஞ்சி எங்கயும் இல்ல மேடம். உங்க மூஞ்சிதான் இருக்கு. யோசிச்சுப் பேசுங்க."

மூன்று வருடமாக ஆசை ஆசையாக வளர்த்தது அந்த முகத்தைத்தான்.

"நேர்ல போய்ச் சொல்லிடு" என்றார் வீட்டுக்காரர்.

"சொன்னா அதோட நான் முடிஞ்சேன். அப்புறம் என்ன நம்பி எவன் மனை பார்ப்பான்?"

"சொல்லலன்னா அந்தப் பொண்ணு வீடு கட்டிடும்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டார்.

காய்ச்சல் என்று சொல்லித் தப்பித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். வியாழக்கிழமை அப்படி ஒரு மெசேஜை அடித்தும் வைத்தேன், அனுப்பவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அவளே ஒரு போட்டோ அனுப்பினாள். மஞ்சள் பூசிய செங்கல், வாழைப்பழம், தேங்காய், பக்கத்தில் ஒரு காலி மணை. 'உங்களுக்காகத்தான் வெயிட் பண்றோம் அக்கா.' நான் போகாவிட்டால் நல்ல நேரம் போய்விடுமே என்று, நான் இல்லாமலே கடக்கால் போட்டுவிடுவார்கள். அந்த நினைப்புதான் என்னை எழுப்பி ஆட்டோவில் உட்காரவைத்தது. வழி நெடுக இரண்டு பக்கமும் வயலில் தண்ணீர் நின்றது.

லேஅவுட்டில் மேலே தண்ணீர் நிற்கவில்லை. கிராவல் கழுவிவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. அந்தப் பெண் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். என்னைவிடச் சின்னவள், விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்திருந்தது. அவள் புருஷன் வெட்கப்பட்டுக்கொண்டு தூர நின்று கும்பிட்டான். ஈசானி மூலையில் மேஸ்திரி கடப்பாரையைப் போட்டுக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். முழங்கால் ஆழம்கூட இல்லை. குழியின் அடியில் தண்ணீர் ஊறியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சாண் ஏறியது.

"தண்ணி வந்துடுச்சு! கங்கம்மா வந்துட்டா!" என்று கத்தினான் அவள் புருஷன். இரண்டு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அந்தத் தண்ணீரிலேயே மஞ்சளும் குங்குமமும் பூவும் போட்டு, தேங்காயை உள்ளே வைத்தார்கள். "அன்னிக்கே அக்கா சொன்னாங்க இல்ல, ஜில்லுனு இருக்குன்னு!" என்றாள் அவள். மேஸ்திரி ஒரு பிடி மண்ணை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு வேறு எங்கோ பார்த்தார். நல்ல சகுனம் என்று கும்பிடுகிறவர்களிடம் கெட்ட வார்த்தை சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை.

அவள் போனை எடுத்துக் குனிந்து, தரையோடு தரையாகப் பிடித்தாள். என் வீடியோவில் வருகிற அதே கோணம். "கழட்டுங்கக்கா."

நழுவுவதற்கென்றே வாங்கிய செருப்பு அது, காலை லேசாகத் தூக்கினால் போதும். பாதத்தை அழுத்திக்கொண்டு அப்படியே நின்றேன்.

"அக்கா, செருப்பு..."

"கழட்ட மாட்டேம்மா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "இங்க வீடு கட்டாதீங்க. இது ஊத்து பூமி. கங்கம்மா இல்ல, வருசா வருசம் அடியிலேந்து இப்படித்தான் தண்ணி வரும். செவுரு நிக்காது. புரமோட்டர்கிட்ட நானும் வர்றேன், உங்க பக்கம் நின்னு சொல்றேன்."

அவள் புருஷன் குழியைத் திரும்பிப் பார்த்தான். மேஸ்திரிதான் மெதுவாக, "அந்தம்மா சொல்றது நெஜம்தான்" என்றார்.

அவள் எழுந்திருக்கவே இல்லை. குனிந்தபடியே கேட்டாள். "அன்னிக்கு வீடியோ எடுக்கசொல்லவே இது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நம்பிவிடுவாள். நான் என்ன சொன்னாலும் நம்புகிறவள்தானே.

"தெரியும்" என்றேன்.

அவள் புருஷன் மண்டிபோட்டுக் குழிக்குள் கைவிட்டு, தேங்காயை எடுத்து, ஈரத்தை வேட்டியில் துடைத்துத் தட்டில் வைத்தான். ஒவ்வொரு செங்கல்லாகத் தூக்கி ஓரமாக அடுக்கினான். அறைந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

அவள் அறையவில்லை, திட்டவும் இல்லை. என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷூ தைக்கிறவள், வாரையும் தையலையும் பார்க்கிற கண்.

"அப்ப எதுக்குக்கா கழட்டனீங்க?" என்றாள். கோபமே இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள். போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"மொத வீடியோ எடுத்த அன்னிக்கு வாரு அறுந்துபோச்சும்மா" என்றேன். "அதான் கழட்டனேன்."