ஜோவிதாவின் நம்பர்

என் மனைவி ஜோவிதா மைசூரில் இருபத்திரண்டு வருடமாக நர்ஸ். யாருக்கு ரத்தம் வேண்டுமென்றாலும் அவள் நம்பரைத்தான் அடிப்பார்கள். ஒருத்தருக்கு ஆள் பிடித்துக் கொடுத்தால் அவர் பத்துப் பேரிடம் சொல்வார். ரத்தம் கொடுக்க நினைக்கிற பையன்களும், நிறையப் பேருக்குத் தெரிந்தவள் என்பதாலேயே, அவளையே தேடி வந்தார்கள். நாங்கள் இருக்கிற அக்ரஹாரம் ஏரியாவில் இன்னும் இரண்டு பேர் இதே வேலையைச் செய்து பார்த்தார்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை, விட்டுவிட்டார்கள்.

"எல்லாரையும் ஒரு வாட்ஸ்அப் குரூப்ல போட்டுத் தொலையேன்" என்று நான் கத்தாத நாளில்லை.

"பசங்க நம்பர் வெளியே போனா ஆளாளுக்குப் பிடுங்குவாங்க. என்கிட்டயே இருக்கட்டும், விடுங்க லூர்து" என்பாள்.

போன மாதம் அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். பாதியில் டாக்டர் வெளியே வந்து, ரத்தப்போக்கு நிற்கவில்லை, இன்னும் ஒரு யூனிட் பி நெகட்டிவ் உடனே வேண்டும் என்றார். ஆஸ்பத்திரியில் இருந்தது தீர்ந்துவிட்டது. நம்பர்களெல்லாம் அவள் போனுக்குள். அதைத் திறக்க அவள் விரல் ரேகை வேண்டும், அவளோ தியேட்டருக்குள்.

என் போனிலிருந்து தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரையும் கூப்பிட்டேன். நஞ்சன்கூடு ஃபேக்டரி யூனியன்காரர், "ஜோவிதான்னு ஒரு சிஸ்டர் இருக்காங்க சார், அவங்களக் கேளுங்க" என்றார். எரிச்சலில் பேசாமல் வைத்துவிட்டேன்.

அப்போது அவள் போன் அடித்தது. எடுத்தேன்.

"ஜோவிதா சிஸ்டர் இருக்காங்களா? நான் தீபா. அப்பாவுக்கு பி நெகட்டிவ் ரெண்டு யூனிட் வேணும். கெம்பையன்னு ஒருத்தர் கொடுக்க வந்துட்டு இருக்கார். இன்னொரு ஆளுக்கு அவர்தான் இந்த நம்பர் கொடுத்தார்."

"அவர் நம்பர் சொல்லும்மா, பேசிப் பார்க்கறேன்" என்றேன். எதற்கென்று சொல்லவில்லை.

கெம்பையன் கௌதள்ளிக்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர். ஜோவிதா ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறாள், அவளுக்கும் பி நெகட்டிவ் வேண்டும் என்றேன்.

"அக்காவுக்குங்களா? எந்த ஆஸ்பத்திரிங்க?"

"அந்தப் பொண்ணோட அப்பாவுக்கு?" என்று கேட்டேன். கேட்டபோதே, அவர் மனம் மாறிவிடுவாரோ என்று பயந்தேன்.

"அக்கா எந்திரிச்சு வந்தாங்கன்னா அந்தப் புள்ளைக்கு ஆள் புடிச்சுக் குடுத்துருவாங்க. நான் இப்பவே வண்டியத் திருப்பறனுங்க."

கால் மணி நேரத்தில் வந்தார், கொடுத்தார். ஜோவிதா பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொன்னதும் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

மடியில் அவள் போன் அடிக்க ஆரம்பித்தது. தீபாவின் நம்பர்தான். நின்றது, மறுபடி அடித்தது. ஜோவிதாவாக இருந்தால் முதல் மணியிலேயே எடுத்திருப்பாள். நான் எடுக்கவில்லை.