நான் கிழித்த பெயர்கள்

மூன்று குழந்தைகளின் பெயர்களைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டவள் நான். மறதி என்று சொல்லித் தப்பிக்க எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன். மறதி அல்ல. தெரிந்தே செய்தேன்!

என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் சரி... முழுவதையும் கேட்டுவிட்டு நினையுங்கள்.

மெல்பேர்னில், யூதர்களுக்கான முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்கிறேன். இலங்கையின் வன்னியிலிருந்து படகில் வந்தவள். நோபல் பார்க்கில் கணவரோடு குடியிருக்கிறேன். இன்னும் தற்காலிக விசாதான்.

என் பொறுப்பில் இருந்தவர் ரோசா. தொண்ணூற்றிரண்டு வயது. பார்வை போய்விட்டிருந்தது. உக்ரைனில் ஒரு சிறு நகரத்தில் பிறந்தவர். போரின்போது அவ்வூர் யூதர்களை நாஜிகள் ஒரு பள்ளத்தின் விளிம்பில் நிறுத்திச் சுட்டார்கள். அயல்வீட்டுக்காரி ஒளித்து வைத்ததால் எட்டு வயது ரோசா மட்டும் பிழைத்தார். தாயும் தங்கையும் இரண்டு தம்பிகளும் அந்தப் பள்ளத்தில்...

ஆண்டுதோறும் எங்கள் இல்லத்தில் நினைவுநாள் நடக்கும். அறுபது இலட்சம் யூதர்களின் நினைவாக ஆறு மெழுகுவர்த்திகள் ஏற்றி, கொல்லப்பட்ட உறவினர்களின் பெயர்களை வாசிப்பார்கள். ரோசாவின் மகன் தன் பாட்டியின் பெயரைக் கொடுத்திருந்தார். ரோசாவுக்குத் தங்கையும் தம்பிகளும் இருந்ததே அவருக்குத் தெரியாது.

ஏன் தெரியாது? ரோசாவே ஒரு காலை, நான் காலுறை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது, தன் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார்.

"போர் முடிந்த பிறகு எங்கள் ஊரில் ஒரு கல் நட்டார்கள். சோவியத் குடிமக்கள் இங்கே கொல்லப்பட்டார்கள் என்று எழுதினார்கள். யூதர் என்ற சொல்லே இல்லை! அங்கே போய் அழுதால் வேலை போய்விடும். அதனால் தங்கை தம்பிகளைப் பற்றி மகனிடமும் சொல்லவில்லை."

இஸ்ரேலில் அவருக்கு, போருக்குப் பிறகு பிறந்த ஒன்றுவிட்ட சகோதரி ஒருவர் இருந்தார். அங்கே நினைவுநாளன்று சைரன் ஒலித்ததும் நடுவீதியில் கார்களை நிறுத்திவிட்டு எல்லோரும் இறங்கி நிற்பார்களாம்.

"இத்தனை காலம் எப்படி வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று அவள் என்னைத் திட்டுகிறாள். அவளுக்கு என்ன தெரியும்?" என்றார் ரோசா. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த முறை அவர்கள் பெயர்களைக் கொடுக்கப்போகிறேன். எழுது, வாணி."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஆங்கிலத்தில் எப்படி எழுதுவதென்று தெரியாமல், காதில் விழுந்தபடி தமிழில் எழுதினேன். ஒவ்வொரு பெயரோடும் வயதைச் சொன்னார். கடைசித் தம்பிக்கு ஏழு மாதம்.

வெள்ளிக்கிழமைக்குள் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். வியாழக்கிழமை கிளிநொச்சியிலிருந்து அம்மா தொலைபேசியில் அழைத்தார். இறுதிப்போரில் பறிகொடுத்த என் தம்பியின் பிறந்தநாளுக்கு, அவனைக் கடைசியாகப் பார்த்த கடற்கரையில் விளக்கு வைக்கப் போயிருக்கிறார்.

"ஆமிக்காரர் விளக்கைப் பறிச்சுப்போட்டாங்கள், பிள்ளை. என்ரை பேரையும் எழுதிக்கொண்டு போனவங்கள்" என்றார்.

எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இவர்களுக்கு மண்டபம்! மெழுகுவர்த்தி! ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்க ஆட்கள்! என் தம்பிக்கு? ஒரு சிறு மண் சுட்டி விளக்குகூட இல்லையா?

பணியாளர் அறையில் நின்றபடி அந்தத் தாளை நான்காகக் கிழித்தேன். கிழித்தபோது சுகமாக இருந்தது... அதையும் மறைக்கப் போவதில்லை.

ரோசா எனக்கு என்ன தீங்கு செய்தார்? என் அம்மாவைப் போலவே அழ விடாமல் தடுக்கப்பட்டவர்தானே அவரும்? அது அன்று எனக்குப் புரியவில்லையா? புரிந்தது. புரிந்துகொண்டேதான் கிழித்தேன்!

நினைவுநாளன்று ரோசா நீலச் சட்டை உடுத்தி, சக்கர நாற்காலியில் முன்வரிசையில் இருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் அவர் முகம் நிமிர்ந்தது, பின் தாழ்ந்தது. பக்கத்தில் நான்தான் இருந்தேன்.

"முடிந்துவிட்டதா?" என்று கேட்டார்.

"முடிந்துவிட்டது."

"என் தங்கை? தம்பிகள்?"

"வாசித்தார்களே... உங்களுக்குக் கேட்கவில்லையா?"

"என் கண்தான் போனது, வாணி. காது போகவில்லை."

என்னைச் சந்தேகித்தாரா? இல்லை! இங்கேயும் தன் தங்கை தம்பிகளை வேண்டாமென்று விட்டுவிட்டார்கள் என்றே எண்ணினார். அதன்பின் அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அந்தக் குளிர்காலத்திலேயே இறந்துபோனார்.

அறையைக் காலி செய்ய வந்த மகன் என்னிடம் கேட்டார். "அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் இருந்தார்களா? உன்னிடம் ஏதாவது பெயர் சொன்னாரா?"

"இல்லை" என்றேன். என் வாய் எவ்வளவு எளிதாக அதைச் சொன்னது!

வீட்டில் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"மகனிட்டை சொல்லிப்போடும். வேலை போனால் போகட்டும்" என்றார் அவர்.

"சொல்லலாம்... பேர் என்னெண்டு கேட்டால்?"

ஹாயா, ஆறு வயது. அவ்வளவுதான் நினைவிருக்கிறது. மற்ற இருவரின் பெயர்கள்... லகரத்தில் தொடங்கியதா, மகரத்திலா? எத்தனை முறை முயன்றும் வரவில்லை. உலகத்தில் அந்தப் பெயர்களைக் கடைசியாக வைத்திருந்தவள் நான். என் தம்பியின் பெயரைச் சொல்ல அம்மாவாவது இருக்கிறார்!

இந்த ஆண்டு, பெயர் கொடுப்பதற்கான படிவம் ஒன்றை யாருக்கும் தெரியாமல் எடுத்தேன். ஹாயா என்று எழுதினேன். அதன் கீழே ஒரு கேள்வி இருந்தது: பெயரைத் தரும் நீங்கள் இறந்தவருக்கு என்ன உறவு?

அந்த இடத்தில் எழுத ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. நான் அதைக் கொடுக்கவில்லை.